யார் பார்க்கிறீர்கள் என்று டிவி கேட்டது

கண்ணாடிக்கடையில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. லென்ஸை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பிரேமில் பொருத்துவது அவள் வேலை. கடையின் பின்பக்கம் ஜன்னலை ஒட்டி இருக்கும் தேய்ப்பு இயந்திரம், தண்ணீர் வழிய வழியக் கத்தும் கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. யாரிடமும் பேசப் பிடிக்காத நாட்களில் அக்கா ஒரு வேண்டாத லென்ஸை எடுத்து மாட்டி ஓடவிடுவாள். கணவரைப் பிரிந்த பிறகு அந்த மாதிரி நாட்கள் கூடிப்போயின.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிரிந்தபோது இருவரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. கட்டில் யாருக்கு, அலமாரி யாருக்கு என்று ஆற அமரப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். மகளின் நாட்களையும் பிரித்தார்கள். வாயாடி என்பதால் அவளை எல்லாரும் மைனா என்பார்கள். பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம்.

சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்பு. மைனாவை அதில் சேர்த்துவிட்டதே அக்காதான். கூட்டிக்கொண்டு போய்வந்தது அவர். அடுத்த வருஷமே அவர் அந்த வகுப்பின் ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிந்த பிறகுதான் பழக்கம் என்று சத்தியம் செய்தார். அக்கா அதை நம்பவும் செய்தாள், நம்பாமலும் இருந்தாள். மைனா அந்தப் பெண்ணைச் சித்தி என்றாள். அக்கா மனதுக்குள் நீச்சல்காரி என்றாள்.

எல்லாம் பிரித்தவர்கள் ஒன்றை மட்டும் பிரிக்க மறந்தார்கள். படமும் தொடரும் பார்க்கிற கணக்கு. அது அக்காவின் பெயரில் இருந்தது. அந்த வீட்டு டிவியிலும் அதுதான் ஓடியது. மறந்தார்கள் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அவர் மறந்தார். அக்கா மறக்கவில்லை.

டிவியைப் போட்டதும் ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று திரை கேட்கும். கீழே மூன்று வட்டங்கள் வரிசையாக நிற்கும். ஆந்தை அவள். கரடி அவர். மஞ்சள் மூக்குப் பறவை மைனா. மூவரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த காலத்தில் சிரித்துச் சிரித்துத் தேர்ந்தெடுத்த படங்கள். நேரில் சிதறிப்போன குடும்பம் அந்தத் திரையில் மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா தினமும் முதலில் கரடியைத்தான் அழுத்துவாள். உள்ளே போய் ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல வெளியே வந்து ஆந்தைக்குள் நுழைவாள்.

அங்கே அவள் கண்டது அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. கூட வாழ்ந்த காலத்தில் அவர் கார் பந்தயமும் யாராவது யாரையாவது துரத்துகிற படமும் தவிர வேறு எதற்கும் உட்கார்ந்தவர் இல்லை. அவள் காதல் கதை போட்டால், “நீயே பாரு, எனக்கு இதெல்லாம் ஏறாது” என்று எழுந்து போய்விடுவார். இப்போது கரடியின் வரிசை முழுக்கக் காதல். ஒரே குடைக்குள் நனைகிற ஜோடி, ரயில் ஜன்னல் வழியாகக் கைநீட்டுகிற ஜோடி, கடற்கரையில் முறைத்துக்கொள்கிற ஜோடி. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு முக்கால்வாசி ஓடியிருந்தது.

‘அப்போ உட்காரத் தெரியாமல் இல்லை. என்னோடு உட்காரத்தான் தெரியவில்லை’ என்று நினைத்துக்கொள்வாள். அவர் தோளில் நீச்சல்காரி சாய்ந்திருப்பதையும் விளக்கு மங்கலாக எரிவதையும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி மனசு காட்டும். வயிறு எரியும். ஆனாலும் மறுநாள் கை கரடியிடம்தான் போகும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிவியைப் போட்டால் வட்டங்களைக் காணோம். ‘உள்நுழையவும்’ என்று ஒரு வெள்ளைத் திரை. அக்கா ரிமோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து நகர்ந்து மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். ஓர் எழுத்து தவறி, மறுபடி முதலிலிருந்து. வட்டங்கள் வந்தன. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும்.

கடையில் கண் பரிசோதனை பார்க்கிற தோழியிடம் சொன்னாள்.

“டிவியை பிளக்கோட புடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டு. பாதி வியாதி அதுலயே போயிரும்,” என்றாள் தோழி.

“மாட்டிட்டேன்.”

“ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போடு.”

“அதுவும் ஆச்சு.”

“டிவில தேதி, நேரம் சரியா இருக்கான்னு பார்த்தியா? தப்பா இருந்தா வெளிய தள்ளிரும்.”

அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தாள். மின்சாரம் போய் வந்ததில் டிவியின் தேதி உண்மையிலேயே பின்தங்கிக் கிடந்தது. திருத்தினாள். கோளாறைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு அந்த வாரம் ஓடியது. ஞாயிறு காலை மறுபடி வெள்ளைத் திரை.

வேறு வழியில்லாமல் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் பேசினாள். செய்து பார்த்ததையெல்லாம் அக்கா ஒப்பித்தாள்.

“எல்லாமே சரியாத்தான் பண்ணியிருக்கீங்க மேடம். டிவில ஒரு குறையும் இல்ல. உங்க கணக்கை வேற யாராவது பயன்படுத்துறாங்களா?”

அக்கா கொஞ்சம் தயங்கினாள். “வீட்டாளுங்கதான்.”

“ஒரே வீட்டுலயா மேடம்?”

“இல்ல. வேற வீட்டுல இருக்கிற வீட்டாளுங்க.”

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை. “தானா வெளியேறல மேடம். யாரோ ஒரு போன்லருந்து ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ன்னு அழுத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, சனிக்கிழமையாப் பார்த்து அழுத்தியிருக்காங்க. பாஸ்வேர்டை மாத்திட்டு, யாருக்கும் சொல்லாம இருந்தீங்கன்னா போதும்.”

போனை வைத்த அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சனிக்கிழமை. அந்த வீட்டுப் போன். அவருக்கு இப்படியெல்லாம் அமைப்புக்குள் போய் நோண்டத் தெரியாது. மைனா செய்ய மாட்டாள். மிச்சம் இருப்பது ஒருத்திதான். ‘என் வீட்டுக்காரரை எடுத்துக்கிட்டா. சனி ஞாயிறு என் பிள்ளையை எடுத்துக்கிட்டா. இப்போ என் டிவியில நான் எதைப் பார்க்கணும்னு அவ முடிவு பண்றாளா?’ அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை யாரும் ஊகிக்க முடியாத மாதிரி நீளமாக வைத்தாள். ரிமோட்டில் அதை அடிப்பதற்குள் அவளுக்கே கட்டைவிரல் வலித்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மைனா கூப்பிட்டாள்.

“அம்மா, பாஸ்வேர்ட் மாத்திட்டியா? இங்க வரமாட்டேங்குது.”

“ஆமா. அவசரமா?”

“நானும் சித்தியும் அந்தத் துப்பறியுற தொடரை பாதில விட்டிருந்தோம். கடைசிப் பகுதிம்மா! கொலைகாரன் யாருன்னே தெரியல.”

அந்தத் துப்பறியும் தொடர் அக்காவும் மைனாவும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தது. ஒருத்தி இல்லாமல் மற்றவள் பார்ப்பதில்லை என்று பேச்சு. அக்கா அந்தப் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டு, ஆசை இருந்தும் அடுத்த பகுதியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கே என்னடாவென்றால் கதையே முடியப் போகிறது.

“அப்போ உன் சித்திகிட்டயே கேளு கொலைகாரன் யாருன்னு,” என்றாள்.

மைனாவின் குரல் இறங்கிப்போனது.

“கோவமாம்மா?”

“கோவம் எல்லாம் இல்ல. எழுதிக்கோ.” ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். மறுநாள் காலை அவள் டிவியில் வெள்ளைத் திரை. சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், கடையில் கூட்டமில்லாத நேரம். பரிசோதனை அறையிலிருந்து தோழி தலையை நீட்டி, “அக்கா, ஒருத்தங்களுக்கு அளவு எடுக்கணும். கிட்டப்பார்வை. புதுசு,” என்றாள். அவள் பின்னால் வந்து நின்றது நீச்சல்காரி.

அக்கா அவளை அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தாள், மைனாவை இறக்கிவிடுகிற வண்டிக்குள் ஒரு நிழலாக. கிட்டத்தில் பார்த்தபோது, ஆள் நினைத்ததைவிட உயரம். நிமிர்ந்த தோள். குளத்துத் தண்ணீரில் கிடந்து கிடந்து முடியின் நுனி வெளுத்திருந்தது. குறை சொல்ல அந்த ஒரு நுனிதான் கிடைத்தது.

“குளத்தோட அந்தக் கோடியில நிக்கிற பிள்ளைங்க முகம் தெரிய மாட்டேங்குது. ஒரு மாதிரி பயமா இருக்கு. மைனாதான் அம்மா கடைக்குப் போங்கன்னா,” என்றாள் அவள். “மூஞ்சியைப் பார்த்ததும் எந்த பிரேம் பொருந்தும்னு எங்கம்மா சொல்லிருவாங்கன்னு பெருமையா சொன்னா.”

மகள் தன்னைப் பற்றி அந்த வீட்டில் பெருமை பேசுகிறாள் என்பதில் அக்காவுக்கு ஒரு குளிர்ச்சி. அதைக் கேட்கிறவள் இவளாக இருக்கிறாளே என்பதில் ஒரு புகைச்சல். இரண்டும் சேர்ந்து வந்தன. அவள் கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே ஒரு தடித்த பழுப்பு பிரேம் வெகுநாளாகக் கிடந்தது. யார் போட்டாலும் முகத்தை அமுக்கி வயசைக் கூட்டிக் காட்டும்.

“இது உங்களுக்கு நல்லாயிருக்கும்,” என்றாள்.

“நீங்க சொன்னா சரி,” என்று அவள் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஒப்புக்கொண்டாள். அதுதான் அக்காவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பிரேமை மேசைமேல் வைத்துவிட்டு அளவுகோலை எடுத்தாள்.

கண்மணிக்கும் கண்மணிக்கும் இடைவெளி எடுப்பதென்றால் முகத்துக்கு நேரே முகம் வைத்து உட்கார வேண்டும். ஒருத்தர் மூச்சு மற்றவர்மேல் படும் தூரம். அக்கா அளவுகோலை அவள் மூக்கின்மேல் பிடித்தாள்.

“என் இடது கண்ணை மட்டும் பாருங்க. அசையாதீங்க.”

அவள் பார்த்தாள். குளோரினில் சிவந்து, இமைகள் வீங்கிய கண்.

“லாக் அவுட் ஆகுதுல்ல உங்க டிவி,” என்றாள், அசையாமலே. “நான்தான் பண்றேன்.”

அளவுகோல் நழுவியது. அக்கா அதை மறுபடி பிடிக்கவில்லை.

“ஏன்?”

“உங்க டிவியும் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா. எங்க வீட்டு டிவியில மட்டும் போகட்டும்னுதான் அழுத்தினேன். போன ஞாயித்துக்கிழமை மைனா சொல்லித்தான் தெரியும், அம்மா ஒவ்வொரு வாரமும் ரிமோட்டோட மல்லுக்கட்டுறாங்கன்னு.”

“உங்க வீட்டு டிவியில ஏன் போகணும்?”

நீச்சல்காரி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். “டிவியைப் போட்டாலே யார் பார்க்கிறீங்கன்னு கேக்குது. அம்மா, அப்பா, மைனா. மூணு பேரும் ஜோரா நிக்கிறீங்க. என் வீட்டுக் கூடத்துல, என் சுவத்துல. நான் யாருன்னு சொல்லி உள்ள போறது? வேலை முடிஞ்சு வந்து ரிமோட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இங்க இடம் இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கும். வெளியேறு கொடுத்துட்டா அந்த மூணு படமும் போயிரும். மைனா வந்து திரும்பப் போட்டுருவா. அவ தூங்கினதும் நான் திரும்ப எடுத்துருவேன்.”

அக்காவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. பெரிய சந்தோஷம். இவ்வளவு நாளாகத் தான் மட்டும் வெந்துகொண்டிருப்பதாக நினைத்தாளே, அந்தப் பக்கமும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஓர் ஆந்தைப் படம், ஒருத்தியை அந்த வீட்டில் நிம்மதியாக உட்காரவிடாமல் செய்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் நாக்கு கட்டுக்குள் நிற்கவில்லை.

“உங்களுக்கு என்ன குறைச்சல்? அவர்தான் இப்பல்லாம் காதல் படமா பார்த்துத் தள்ளுறாரே உங்ககூட. என்கூட இருந்தப்போ ஒரு நாள் உக்காந்ததில்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நீச்சல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பின்னால் இயந்திரம் சும்மாதான் நின்றது. ஓடவிட்டுத் தப்பிக்க நேரமில்லை.

“அவர் படத்தைத் திறந்து பார்ப்பேன்,” என்றாள் அக்கா. “தினமும்.”

நீச்சல்காரி முகம் மாறியது. கோபப்படப் போகிறாள் என்று அக்கா நினைத்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மாதிரி சிரித்தாள்.

“அவரா? காதல் படமா? பேர் போடும்போதே குறட்டை விட்டுருவாருங்க. இல்லன்னா எங்கயாவது லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு கிளம்பிருவாரு. அதெல்லாம் நான் பார்த்தது. உங்க படத்துக்குள்ள போகக் கூசும். பிள்ளை படத்துக்குள்ள போனா அதுல என் கதையெல்லாம் வந்து நிக்கும். அதான் அவர் பேர்ல போய்ப் பார்ப்பேன். தனியா உக்காந்து, வெளியேறு அழுத்துறதுக்கு முன்னாடி.”

அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். மங்கலான விளக்கு, சாய்ந்த தோள் என்று அவள் மனசு கட்டி வைத்திருந்த கூடத்தில் இப்போது ஒருத்திதான் இருந்தாள். சோபாவின் ஓரத்தில், அடுத்தவர் பெயரில், ரயில் ஜன்னல் ஜோடியைப் பார்த்துக்கொண்டு. இதற்காகவா இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

“சொந்தமா ஒரு கணக்கு ஆரம்பிக்க வேண்டியதுதானே?” என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

“அவர்கிட்ட சொன்னா, இருக்கிறது ஓடுதே, அது போதாதாங்கறார். உங்ககிட்ட கேக்க வாய் வரல. இன்னைக்குக்கூட கண்ணுக்காக மட்டும் வரல நான்.”

“தெரியுது.” அக்கா அளவுகோலை எடுத்தாள். “பாருங்க. இந்தத் தடவையாவது பேசாதீங்க.”

அளவு எடுத்தாள். தடித்த பிரேமை எடுத்துக் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு, மேல்தட்டிலிருந்து மெல்லிய கம்பி பிரேம் ஒன்றை எடுத்து அவள் முகத்தில் வைத்துப் பார்த்தாள். பாழாய்ப்போனது, அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

“முன்னாடி காட்டினது?” என்றாள் நீச்சல்காரி.

“அது உங்களுக்கு வேணாம்,” என்றாள் அக்கா.

கணக்கைப் பிரிக்கிற வேலை அன்றே மேசையருகில் நடந்தது. நீச்சல்காரி தன் போனில் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்தாள். பழையதிலிருந்து ஒருவரின் வட்டத்தை அப்படியே புதியதற்கு நகர்த்த வழி இருந்தது. கரடியை நகர்த்தும்போது, ‘உறுதியா?’ என்று அக்காவின் போன் கேட்டது. அக்கா கொஞ்சம் யோசித்தாள். அதை அழுத்திவிட்டால் நாளையிலிருந்து திறந்து பார்க்க ஒன்றும் இருக்காது. அவர் விட்டுப்போன பிறகும் அவளுக்கென்று இருந்த ஒரே சாவித்துவாரம் அது. உள்ளே இருந்தது அவரே இல்லை என்று தெரிந்தும் விரல் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

“மைனாவுக்கு அங்கயும் ஒண்ணு போட்டுக்கலாமா?” என்று நீச்சல்காரி கேட்டாள்.

முடியாது என்று சொல்ல அக்காவுக்கு வாய் துடித்தது. “போட்டுக்கோங்க. ஆனா வேற படம் வைங்க. பறவை இங்க இருக்கட்டும்.”

“சரிங்க.”

“துப்பறியுற தொடர்ல கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

“கடைசிப் பகுதி இன்னும் பார்க்கலங்க. மைனா பார்க்க விடல. அம்மாகூட விட்ட இடத்துலருந்து சேர்ந்து பார்த்துட்டுதான் கடைசிப் பகுதின்னுட்டா. உங்களை விட்டுட்டுப் பார்க்க வச்சுட்டேன்னு அவளுக்கு என்மேல கோவம்.”

அக்கா பிரேமை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். இயந்திரத்தைப் போட்டாள். அதன் கத்தலுக்குள் அவள் சிரித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அதன்பிறகு டிவி ஒருநாளும் அவளை வெளியே தள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் ஒருநாள் போன் செய்து குறைபட்டுக்கொண்டார். “என்ன, என் பேரையே எடுத்துட்டியாமே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லாம கொள்ளாம இப்படிப் பண்ணினா எப்படி?”

“சொல்லாம கொள்ளாம பண்றதை யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். வைத்த பிறகு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் குரலைக் கேட்டு ஒன்றும் எரியவில்லை.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது அவரை விட்டு இறங்கி முழுக்க மைனாவிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு சாயங்காலம் மகள் திரும்பி வந்ததும், ‘அங்கே என்ன பார்த்தாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், யார் தலை பின்னினது’ என்று கேட்க நாக்கு நமநமக்கும். பாதி நாள் அடக்குவாள். மீதி நாள் கேட்டுவிடுவாள்.

துப்பறியும் தொடர் முடிந்த வாரம் இருவரும் சோபாவில் கால் நீட்டி அமர்ந்து அடுத்து எதைப் பார்க்கலாம் என்று தேடினார்கள். கப்பலில் நடக்கிற கதை ஒன்று வந்தது. அக்கா அதில் நிறுத்தினாள்.

“இது வேணாம்மா. ரொம்ப இழுவைன்னு சித்தி சொன்னாங்க,” என்றாள் மைனா.

“அப்படியா சொன்னா?” என்றபடி அக்கா ரிமோட்டை மகளுக்கு எட்டாத பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். “அப்போ இதைத்தான் பார்க்குறோம்.”